பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? ‘சுண்ணாம்பு வேலை’ என்று பில் போடுபவர்களிடம் உஷார்

புதுச்சேரி தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் தாத்தா காலத்துத் திண்ணை வீட்டை, முகப்பும் முற்றமும் மாறாமல் மூன்று போர்ஷனாக்க ‘ஹெரிடேஜ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று கார்டு நீட்டிய ஒரு காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தோம். எஸ்டிமேட்டில் சுண்ணாம்புக் காரைக்கு நீற்றிய சுண்ணாம்பு, அதில் சேர்க்கும் கடுக்காய், வெல்லம் என்று வரிவரியாக இருந்தது. ரேட்டும் அதற்கேற்ற மாதிரிதான். நாங்கள் அண்ணன் தம்பிகள் மூவரும் வெளியூர். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்களில் செங்கல் சுவர் பளபளவென்று அம்சமாக இருந்தது.

ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. இடுப்பளவுக்கு ஓதம். வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. காரைக்குடிப் பக்கத்து வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். செங்கற்களுக்கு நடுவே காரை பூசிய இடுக்கை ஆணியால் கீறிப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை என்றால் பொடியாக உதிருமாம். இதில் ஆணிதான் வழுக்கியது. மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு, உள்ளே முழுக்க சிமென்ட். பழைய காரையை உளியால் தட்டி எடுக்காமல் கிரைண்டரை விட்டிருக்கிறார்கள். செங்குத்தான இடுக்குகளுக்கு மேலும் கீழும் இருந்த முழுக் கற்களில்கூட பிளேடு ஓடிய வெட்டு.

அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, ஈரம் குடிக்கும். சுண்ணாம்புக் காரை வழியாக அந்த ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்தால் தண்ணீர் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கூடவே வரும் உப்பு கல்லின் தோலை உடைக்கும். பளபளப்புக்கு அடித்த கோட்டிங் மிச்ச வழியையும் மூடிவிட்டது.

காண்ட்ராக்டரைக் கேட்டதற்கு அந்த ஆள் சொன்ன பதில்: “2014 மழையில மேரி கட்டடமே இடிஞ்சு விழுந்துச்சே சார், சுண்ணாம்பை நம்பலாமா?” மேரி என்பது புதுச்சேரி கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம்; பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அது கிடக்கட்டும், நம்பாத சுண்ணாம்புக்கு எதற்கு ஐயா பில்?

கடைசித் தவணையை நிறுத்திவிட்டோம். கொடுத்த பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஆனால் சுவர்? சிமென்ட்டைப் பெயர்த்தால் கல்லும் சேர்ந்து வருகிறது. அதனால் ரொம்ப உதிர்ந்த இடங்களில் மட்டும் கல்லை மாற்றுகிறோம்.

நீங்கள் வேலை கொடுக்கும்முன், சுண்ணாம்பை எங்கே ஊறப்போடுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு முழம் சுவரை மாதிரிக்குச் செய்யச் சொல்லி, காய்ந்தபின் நீங்களே ஆணியால் கீறிப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு போதும்.