மனைவியை அடிப்பவர் நோயாளியாக வந்தால் டாக்டர் என்ன செய்யலாம்?

"தூக்கமே வரல டாக்டர், ஒரே டென்ஷன். நேத்து வீட்ல கை நீட்டிட்டேன்." இப்படிச் சொல்பவருக்கு மாத்திரை எழுதி அனுப்புவது எளிது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அந்தக் கணவர்களும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏதோ ஒரு கிளினிக்குக்குத்தான் வருகிறார்கள். அதனால் காதில் விழாதது போல இருப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதை நல்லெண்ணத்தோடுதான் பலர் செய்கிறார்கள். ஆனால் ஆபத்து அதிகம் இதில்தான். கணவர் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பெண் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால், வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும். "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அடித்தவருக்கு அது போதும்.

குடியை நிறுத்தச் சிகிச்சைக்கு அனுப்புவது தேவைதான், ஆனால் அது மட்டும் பத்தாது. குடிக்காத நாளிலும் மிரட்டுபவர்கள், செலவுக்குப் பணம் தராதவர்கள், போனைப் பிடுங்கி வைப்பவர்கள் உண்டு. குடியோடு வன்முறையையும் சேர்த்துப் பேசினால் பலன் கிடைக்கிறது. தென்னிந்தியாவில் குடிக்கு அடிமையான ஆண்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், அப்படிச் சேர்த்துக் கொடுத்த உளவியல் சிகிச்சை மனைவி மீதான வன்முறையைக் குறைத்தது. மனைவியரின் மனநலமும் தேறியது.

நான் முதலில் வைப்பது, அவரைத் தனியாக வைத்து நேராகக் கேட்பதைத்தான். "கை நீட்டினேன்னு சொன்னீங்களே, என்ன நடந்தது? கழுத்தைப் பிடிச்சீங்களா? பிள்ளைங்க பார்த்தாங்களா?" கழுத்தைப் பற்றிய கேள்வியை விடவே கூடாது. கழுத்தை நெரித்த கணவர் கையாலேயே பின்னாளில் அந்தப் பெண்ணின் உயிர் போகும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. கேட்டபின், "இது தப்பு, மாறுறதுக்கு உதவி இருக்கு" என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்புறம், தன்னிடமும் திரும்ப வரச்சொல்ல வேண்டும். பேச்சு முழுக்க அவர் வாயால் சொன்னதை வைத்தே நடக்க வேண்டும். மனைவி சொன்ன ஒரு சொல்கூட அதில் வரக்கூடாது.

"கொன்னுடுவேன்" என்கிறார் என்றால்? குறிப்பிட்ட ஒருவருக்குக் கடுமையான ஆபத்து இருக்கும்போது நோயாளியின் ரகசியத்தை வெளியிட 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே இடம் தருகின்றன. போலீசுக்குச் சொல்லலாம், அந்தப் பெண்ணையும் எச்சரிக்கலாம். அவரும் அதே கிளினிக்குக்கு வருபவர் என்றால், தனியாக வரும்போது 181 உதவி எண்ணை வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைப்பது நல்லது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது கணவர் கைக்குப் போய்விடலாம்.