ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்த இஆர்பிநெக்ஸ்ட்

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா செகண்ட் ஸ்டேஜில் எங்கள் பட்டறை. கம்ப்யூட்டர் சொன்னபடி உலோகத்தைக் கடைகிற 4 சிஎன்சி லேத், துளை போட்டுச் செதுக்குகிற 2 விஎம்சி, ராட் அறுக்க ஒரு பேண்ட்சா, மொத்தம் 32 பேர். பம்பு, வால்வு செய்கிற கம்பெனிகளுக்கு பின், புஷ், ஷாஃப்ட் போன்ற பாகங்கள் செய்து கொடுக்கிறோம். ஸ்டோர்ஸும் பில்லிங்கும் என் பொறுப்பு. பாலக்கோட்டிலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து 16 வருடம் ஆகிறது. அதில் 11 வருடம் இந்தப் பட்டறையில்தான். சரக்கு, உற்பத்தி, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற சாஃப்ட்வேரான இஆர்பிநெக்ஸ்டை 3 வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். மெட்ரோவில் வரும்போது பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதற்காக இதற்கு வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கஸ்டமர் அனுப்பிய வண்டி கேட்டில் நிற்கிறது. 600 பின் ஏற்ற வேண்டும். "அது ஜிங்க் பிளேட்டிங்குக்குப் போயிருக்கு அக்கா" என்றான் பேக்கிங் பையன். "போன வாரமே வந்துடுச்சும்மா" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன். சலான் புத்தகத்தைப் புரட்டினால் 600 போனது இருக்கிறது, திரும்பி வந்த கட்டம் காலியாக இருக்கிறது. துத்தநாகப் பூச்சுப் போடுகிற அந்த பிளேட்டிங் பட்டறைக்கு போன் போட்டால், 450 கொடுத்தாகிவிட்டது, 150 மறுபடி முக்கியெடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். ஒரு மணி நேரம் தேடிய பிறகு அந்த 450 பின்னும் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு அடியில், சீட்டு ஒட்டாத கிரேட்டில் கிடைத்தது. அதற்குள் வண்டி போய்விட்டது. ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு அன்றைக்குக் கிடைத்த திட்டு அவருக்கு உரியதே இல்லை. ஒரு மனிதர் எத்தனை சலானைத் தலையில் வைத்துக்கொள்ள முடியும்?

அப்போதும் எங்களிடம் சாஃப்ட்வேர் இருந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ், அதனால் 3 பேருக்கு மட்டும் வாங்கியிருந்தோம். ஒரே ஐடியில் ஐந்து பேர் நுழைவார்கள்; யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது. சலான் பிரிண்ட்டில் ஒரு வரி சேர்க்கக்கூடத் தனிப் பணம். விட்டு விலகும்போது எங்கள் சரக்குக் கணக்கை பிடிஎஃப் ஆகத்தான் தந்தார்கள். அதையெல்லாம் நானும் இன்னொரு பெண்ணும் திரும்ப டைப் செய்தோம்.

இஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் 2008இல் தொடங்கிய ஃப்ராப்பே என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. ஓப்பன் சோர்ஸ். யாரும் இறக்கித் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளலாம், எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தலைக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஒன்றுதான். முதலாளி தொடங்கி கேட்டில் இன்வர்ட், அதாவது உள்ளே வருகிற சரக்கை எழுதுகிற தாத்தா வரைக்கும் 14 பேருக்குத் தனித்தனி ஐடி போட்டோம். அவரவர் வேலைக்கு வேண்டிய பக்கம் மட்டும் அவரவருக்குத் தெரியும். செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வருக்கு மாதம் பணம் போகிறது, அமைத்துக் கொடுத்தவருக்குக் கூலி கொடுத்தோம். சொந்த சர்வரில் போட்டால் பேக்கப் எடுப்பது உங்கள் தலையில்தான் விழும்.

உண்மையான வேலை கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை, ராக்கில் தொடங்கியது. 40 எம்எம் இஎன்8 (ஒரு வகை ஸ்டீல்) ராட் எங்கள் எக்செல்லில் நான்கு பெயரில் இருந்தது: "40 ரவுண்டு", "இஎன்8 ராட் 40", "ஷாஃப்ட் ராட்", அப்புறம் வாங்கின கடையின் பெயரிலேயே ஒன்று. நான்கையும் கூட்டினால்தான் கையிருப்பு. இப்படி 1,900 வரி இருந்த பட்டியலை 740 ஆகக் குறைத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து எண்ணினோம், எடை போட்டோம். முதலாளி டிபன் வாங்கி வந்து அவரும் கூடவே உட்கார்ந்து எண்ணினார். இதைச் செய்யாமல் எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் பழைய குழப்பம் புதுத் திரையில் தெரியும், அவ்வளவுதான்.

ராட்டை நாங்கள் கிலோவில் வாங்குகிறோம், மீட்டரில் அறுக்கிறோம், பீஸில் விற்கிறோம். இங்கேதான் எங்கள் பழைய கணக்கு எப்போதும் உதைக்கும். உருண்டை ராட்டுக்குப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு உண்டு: விட்டத்தை எம்எம்மில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 40 எம்எம்முக்கு 9.88 கிலோ. 85 எம்எம் நீளப் பின்னுக்கு அறுப்பில் போகிற 3 எம்எம்மையும் சேர்த்து 88 எம்எம் என்று வைத்தால் பீஸுக்கு 870 கிராம். இதை பிஓஎம்மில், அதாவது ஒரு பீஸுக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலில், ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். 100 பின்னுக்கு வொர்க் ஆர்டர் போட்டதும் 87 கிலோ வேண்டும் என்று அதுவே கேட்கிறது. ராக்கில் 60 கிலோதான் இருந்தால் முன்னாலேயே தெரிகிறது. முன்பெல்லாம் மெஷின் நின்ற பிறகுதான் தெரியும்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாத சரக்கை எடுக்க விடாமல் அது தடுத்தபோது, அவசரத்துக்காக நெகட்டிவ் ஸ்டாக்கை (கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போவதை) அனுமதிக்கும் அமைப்பைத் திறந்துவிட்டோம். ஒரே மாதத்தில் எந்தக் கணக்கையும் நம்ப முடியாமல் போயிற்று. மூடிவிட்டோம். அது தடுத்தால் இன்வர்ட் எழுதவில்லை என்று அர்த்தம். எழுதிவிட்டு எடுக்க வேண்டியதுதான்.

ஜாப் வொர்க்குக்கு, அதாவது நம் சரக்கை வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிற வேலைக்கு வருகிறேன். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் என்று ஒவ்வொரு வெளிப் பட்டறைக்கும் இஆர்பிநெக்ஸ்டில் ஒரு வேர்ஹவுஸ் (சரக்கு இருக்கும் இடத்துக்கான கணக்கு) திறந்தோம். இங்கிருந்து பின் போனால் எங்கள் ராக்கில் குறைந்து அவர்கள் பெயரில் ஏறும். பிளேட்டிங்குக்கு முந்தைய பின் ஒரு ஐட்டம், பிந்தைய பின் வேறு ஐட்டம். 600 போய் 450 வந்தால் 150 அவர்கள் பெயரிலேயே நிற்கும், எவ்வளவு நாளானாலும் நிற்கும். அந்தச் சனிக்கிழமை எங்களிடம் இல்லாதது இந்த ஒரு வரிதான்.

ஜிஎஸ்டிக்கும் இது வேண்டும். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்கு 3 வருடம். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். ஐடிசி-04 படிவத்தில் போனது, வந்தது எல்லாம் காட்ட வேண்டும்; ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதற்குள் என்றால் வருடத்துக்கு ஒரு முறை. முன்பு இதற்காக நான்கு நாள் சலான் புத்தகத்தோடு உட்காருவேன். இப்போது பட்டியலை எடுத்துச் சரிபார்க்க ஒரு காலைப்பொழுது போதும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் பில்லை அரசுத் தளத்தில் பதிகிற இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆனதே, அதையும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வண்டியில் அனுப்ப வேண்டிய இ-வே பில்லையும் இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற துணைச் செயலி வழியாக இதிலேயே போடுகிறேன்.

போட்ட பில்லை இதில் திருத்த முடியாது. சப்மிட் கொடுத்துவிட்டால் கேன்சல் செய்து, திருத்திய பிரதியைப் போட வேண்டும். பழையதும் கேன்சல் ஆனதாக அப்படியே நிற்கும். முதல் இரண்டு மாதம் எனக்கு இது பெரிய தொந்தரவாகப் பட்டது. ஒருநாள் கஸ்டமர் ஆபீஸில், ரேட்டை நாங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டோம் என்று சண்டைக்கு வந்தார்கள். முதல் பில், கேன்சல் ஆன நேரம், அவர்களே திருத்தி அனுப்பிய பர்சேஸ் ஆர்டர் மூன்றையும் எடுத்துக் காட்டினேன். அதோடு சண்டை நின்றது. அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு எனக்குத் துணையாகத்தான் தெரிகிறது.

வரவு செலவுக் கணக்கை மட்டும் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரை விட்டு நகர்த்தவில்லை. ஆடிட்டருக்குக் கை பழகியது அது, எங்கள் அக்கவுன்ட்ஸ் அம்மாவுக்கும் அதுதான் பழக்கம். மாதக் கடைசியில் பில் பட்டியலை எக்செல்லில் எடுத்து டாலிக்குள் ஏற்றுகிறோம். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றைப் பிடுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. சம்பளம், சேல்ஸ் லீட் பக்கங்களை நாங்கள் தொடவே இல்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. வாங்கி விற்கிற கடையாக மட்டும் இருந்தால் டாலியோ ஜோஹோ புக்ஸோ போதும். உள்ளே உற்பத்தி, வெளியே ஜாப் வொர்க் என்று சரக்கு நாலு இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது.

அமைத்துக் கொடுக்க ஆள் பிடிப்பதில் நிதானம் வேண்டும். முதலில் வந்தவர் நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, புதுப் புதுக் கட்டங்களாகச் சேர்த்துவிட்டுப் போனார். புது வெர்ஷனுக்கு மாறும்போது அதில் பாதி வேலை செய்யவில்லை. இரண்டாவதாக வந்தவர் மூன்று நாள் ஸ்டோர்ஸில் நின்று பார்த்தார். அப்புறம், நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி தேவையில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். முதலாளிக்குக் கோபம்தான். ஆனால் அவர் போட்டுக் கொடுத்ததுதான் இன்றைக்கும் ஓடுகிறது. திரையில் இருந்த ஆங்கிலப் பெயர்களையும் எங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி அவரே மாற்றிக் கொடுத்தார். கன்னடம் பேசுகிற ஸ்டோர்ஸ் அண்ணனும் நானும் இப்போது ஒரே சொல்லைச் சொல்கிறோம்.

அடுத்த மாதம் மெஷின் பக்கத்தில் டேப்லெட் வைத்து ஜாப் கார்டு தொடங்கப் போகிறோம். எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது என்று ஆபரேட்டரே பதிய வேண்டும். பையன்களுக்கு இதில் பயம் இருக்கிறது. "நேரத்தைக் காட்டி ஓவர்டைமைக் குறைப்பாங்களா அக்கா?" என்று ஒருவன் நேராகவே கேட்டான். நியாயமான கேள்வி. கொட்டேஷன் ரேட்டைச் சரியாகப் போடத்தான் அந்த நேரக் கணக்கு, கூலியைத் தொட அல்ல என்று முதலாளியிடம் எழுதி வாங்கிவிட்டுத்தான் டேப்லெட்டை வைப்பேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். போன வியாழக்கிழமை கையெழுத்து வாங்கியாயிற்று. பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில், தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டியிருக்கிறது.