ஃபுட்பால்ல பாஸிங் ஆட்டம் கத்துக்க 5 மாசம் கோச்சிங் போனோம், சேலம் டீம் ஒண்ணோட ரிவ்யூ

ஒம்போது வருஷமா எங்க டீம் ஆடுனது ஒரே ஆட்டம்தான். கோலி, அதான் கோல்கீப்பர், பால தூக்கி அடிப்பான், முன்னாடி நிக்கற எங்க உயரமான பையன் தலையில வாங்கணும், கீழ விழற பாலுக்கு ரெண்டு பேர் ஓடணும், அவ்ளோதான். கொண்டலாம்பட்டி பக்கம் செம்மண் கிரவுண்ட்ல வளந்த டீம் நாங்க, டீமுக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ் டோர்னமென்ட் எங்க நடந்தாலும் போவோம், ஒரு ரவுண்ட் ரெண்டு ரவுண்ட் தாண்டுவோம், அப்புறம் பால தரையில வச்சு ஆடற டீம் ஒண்ணு மாட்டும், மேட்ச் பூரா பாலுக்கு பின்னாடியே ஓடி நாக்கு தள்ளி வெளிய வருவோம். வருஷா வருஷம் "இந்த தடவ பாஸ் பண்ணி ஆடலாம்டா"ன்னு பேசி வச்சுக்குவோம், மொத மேட்ச்ல ஒரு பாஸ் கட் ஆகி கோல் விழுந்ததும் டிஃபென்ஸ்ல இருக்கறவன் பழையபடி தூக்கி அடிக்க ஆரம்பிச்சிருவான்.

சரி இத சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னு போன ஜூன்ல 12 பேரா சேந்து டவுனுக்குள்ள டர்ஃப் கிரவுண்ட்ல நடக்கற ஒரு கோச்சிங்ல சேந்தோம். பேர் இங்க போடல. சனி ஞாயிறு காலைல 6 லேந்து 7:30, ஆளுக்கு மாசம் 1,200 ரூபாய். அஞ்சு மாசம் போயிருக்கோம், அதுல பாத்தத எழுதறேன்.

மொத நாள் கோச் சார் எங்கள ஓட விடல, எங்க பால வாங்கி கட்ட விரலால அமுக்கி பாத்தாரு, அப்புறம் பையில இருந்து காத்து அளக்கற கேஜ் எடுத்தாரு. பெரியவங்க ஆடற சைஸ் 5 பாலுக்கு காத்து அழுத்தம் 8.5 லேந்து 15.6 பிஎஸ்ஐ வரைக்கும் ரூல்ல இருக்கு, நாங்க நல்லா எகிறணும்னு அதுக்கும் மேல அடிச்சு வச்சிருந்தோம். எங்க கிரவுண்ட் தரையும் கல்லு, பாலும் கல்லு, கால்ல பட்டா நாலு அடி தள்ளி போகும், அத புடிக்கறதுக்குள்ள எதிராளி மேல வந்து நிப்பான், அப்ப தூக்கி அடிக்காம என்ன பண்றது. நாங்க இத்தன வருஷமா பசங்களுக்கு பயம்னு நெனச்சிருந்தோம், சார் 9க்கு எறக்கி குடுத்தாரு, அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. மொத மாசம் பூரா ஃபுட்சால், அதான் சின்ன கோர்ட்ல அஞ்சஞ்சு பேர் ஆடற ஆட்டம், அந்த பால்லதான் பயிற்சி, சைஸ் 4, 2 மீட்டர் மேல இருந்து விட்டா மொத தடவ 50 லேந்து 65 சென்டிமீட்டர்தான் எகிறும், கால்ல நிக்கும், தலைய தூக்கி பாக்க நேரம் கெடைக்கும்.

ஆனா இந்த கோச்சிங்குக்கு குடுத்த காசு எனக்கு திரும்ப கெடைச்சது மூணாவது வாரம். சார் எங்க பிராக்டிஸ் மேட்ச படிக்கட்டு மேல நின்னு ஃபோன்ல எடுத்து, முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வச்சு போட்டு காட்டுனாரு. எங்க மிட்ஃபீல்ட் பையன் ஒருத்தன், பால் கெடைச்சா வச்சுக்கிட்டே நிப்பான், பாஸ் குடுக்க தெரியாதவன்னு டீமே அவன திட்டும், நானும் திட்டியிருக்கேன், ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. வீடியோவ நிறுத்தி சார் கேட்டாரு, "இப்ப இவன் யாருக்கு குடுக்கணும், நீங்களே சொல்லுங்க." பாத்தா அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு எதிராளி முதுகுக்கு பின்னாடி நிக்கறோம், அதுல ஒருத்தன் நான், கை வேற தூக்கி பால் கேக்கறேன். ஒருத்தரும் வாய தெறக்கல. பாஸ் வரலன்னா குடுக்கறவன் தப்புன்னு எத்தன வருஷம் இருந்தோம். அன்னிக்கு அஞ்சு ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட நின்னப்ப அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அவன் "விடுண்ணா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான்.

அதுக்கப்புறம் நடந்த பயிற்சி எல்லாம் பால் இல்லாதவனுக்குத்தான். பாஸ் குடுத்தவன் நின்ன எடத்துலயே நிக்கக்கூடாது. பால் வர்றதுக்கு முன்னாடி தோள்பட்டைக்கு மேல திரும்பி பாக்கணும், நம்ம முதுகுக்கு பின்னாடி சார் ஒரு கலர் பனியன தூக்கி புடிப்பாரு, பால் கால்ல படறதுக்குள்ள கலர கத்தி சொல்லணும். மொதல்ல பத்துக்கு ரெண்டு கூட வரல, மூணு மாசம் கழிச்சு யோசிக்காம தல தானா திரும்புது. அப்புறம் ட்ரிப்ளிங்கே, அதான் பால தட்டிக்கிட்டே ஆள தாண்டி ஓடறது, கூடாதுன்னு ரூல் வச்சு ஆட விட்டாரு, இது நம்ம ஊர் பழைய வித்தைன்னு சையத் அப்துல் ரஹீம் கதைய அங்கதான் சொன்னாரு, ஹைதராபாத்ல ட்ரிப்ளிங் இல்லாத போட்டி நடத்தி ஆளுங்கள தயார் பண்ணவர், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரேலியாவ 4-2ன்னு ஜெயிச்சு இந்தியா நாலாவது எடம் வந்ததும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்குனதும் அவரு கோச்சா இருந்தப்பதான். நாங்க ஆளு குள்ளம்னு ஒருத்தன் சொன்னதுக்கு 1872ல ஸ்காட்லாந்து ஆடுன மொத இன்டர்நேஷனல் மேட்ச சொன்னாரு, இங்கிலாந்து ஆளுங்க எடையில தூக்கலா இருந்தும் ஸ்காட்லாந்துக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பாஸ் பண்ணியே 0-0ன்னு நிறுத்துனாங்களாம், பதினோரு பேரும் குயின்ஸ் பார்க்னு ஒரே கிளப்பு. சின்ன வயசுலேந்து ஒண்ணா ஆடற எங்களுக்கு அது மனசுல நின்னுச்சு.

குறையும் சொல்லணும். மூணாவது மாசத்துல இருந்து பேட்ச்ல 30 பேருக்கு மேல சேத்துட்டாங்க, ஒரே ஒரு கோச், 90 நிமிஷத்துல நம்ம கால்ல பால் படற நேரம் பாதியா கொறஞ்சு போச்சு. மழ வந்து கேன்சல்னா 5:50க்கு வாட்ஸப்ல போடறாங்க, அதுக்குள்ள நாங்க பாதி பேர் வண்டிய எடுத்து வந்தாச்சு, அந்த நாளுக்கு பதில் நாளும் கெடையாது. எல்லாத்த விட பெரிய குறை, எங்க கோலிக்கு ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல, கூட ஓட விட்டாங்க அவ்ளோதான். பாஸிங் ஆட்டமே கோலிகிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது. 1992க்கு அப்புறம் நம்ம ஆள் கால்ல குடுத்த பேக் பாஸ கையில எடுக்க முடியாது, 2019ல இருந்து கோல் கிக்க பெனால்டி பாக்ஸ் உள்ளயே நம்ம ஆள் வாங்கலாம், அப்ப அவனுக்கும் ஓரத்துல ஆடற டிஃபென்டர், ஃபுல் பேக் அளவுக்கு கால் ஓடணும்ல.

டர்ஃப்ல கத்துக்கிட்டது செம்மண்ணுல பாதிதான் வரும், அதையும் தெரிஞ்சுக்கோங்க. இத சொன்னப்ப சார் ரெண்டு ஞாயித்துக்கெழம எங்க கிரவுண்டுக்கே வந்தாரு, காசு கேக்கல, மொத அர மணி நேரம் எல்லாரும் வரிசையா நடந்து கல் பொறுக்குனோம், ரெண்டாவது தடவ முந்தின நாள் சாயங்காலமே ட்ராக்டர் டேங்க்ல தண்ணி விட்டு வச்சோம், பால் உருண்டு போறத பாத்து எங்களாலயே நம்ப முடியல. அந்த மனுஷனுக்காகவே 5க்கு 4 குடுப்பேன்.

அக்டோபர்ல ஏற்காட்டுல ஒரு மேட்ச். வேன்ல 20 ஹேர்பின் ஏறி எறங்குனா கிரவுண்டே தெரியல, அவ்ளோ பனி, புல்லு நனைஞ்சு கெடக்கு, பால் வழுக்கிட்டு போகுது, சுமார் 1,500 மீட்டர் உயரம் வேற, மொத பத்து நிமிஷம் எல்லாருக்கும் மூச்சு வாங்குச்சு, அதுக்குள்ள ரெண்டு கோல் விழுந்துருச்சு. பழைய டீமா இருந்தா அங்கயே தூக்கி அடிக்க ஆரம்பிச்சிருப்போம். இந்த தடவ டிஃபென்ஸ் நடுவுல நிக்கற ஸ்டாப்பர் பேக் தரையிலயே குடுத்தான், லெஃப்ட் போய், திரும்ப வந்து, அந்த மிட்ஃபீல்ட் பையன் கால்ல பால் படறதுக்கு முன்னாடி தல திரும்புனத நான் பாத்தேன், ஒரே டச்ல எதிராளிங்க நடுவுல பூந்து போற த்ரூ பால், ரைட் விங் ஓடி வந்து உள்ள தள்ளுனான். ஒம்போது பாஸ், நான் எண்ணுனேன். 2-1ன்னு தோத்தோம், கீழ எறங்குற வரைக்கும் வேன்ல அந்த கோல் பேச்சுதான்.

அடுத்த மூணு மாசத்துக்கும் ஃபீஸ் கட்டியாச்சு, கோலிக்கு வாரத்துக்கு அர மணி நேரம் தனியா குடுக்கறேன்னு சார் ஒத்துக்கிட்ட அப்புறம்தான் கட்டுனோம்.