பனங்கட்டிக் குட்டானோடு 42.195 கிலோமீற்றர்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின பனங்கட்டிக் குட்டான், ஓலைப் பெட்டியிலை வார்த்த கருப்பட்டி, நாலு என்னோடை லண்டனுக்கு வந்தது. அதிலை ரெண்டு, 2025 ஏப்ரல் 27 ஆம் திகதி லண்டன் மரதனும் ஓடினது. ஓடேக்கை சத்துக்கு உறிஞ்சுற பசை மாதிரியான ஜெல்லுக்குப் பதிலா இது சரிவருமோ எண்டு கனபேர் கேட்டினம். பள்ளிக்கூட லீவு வந்திட்டுது, ஆறுதலா இருந்து எழுதுறன்.

எனக்கு 43 வயசு. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, கோட்டையடியால் பண்ணைப் பாலத்துக்கு வந்து, அல்லைப்பிட்டி வரைக்கும் போய்த் திரும்புறது என்ர வழமை. பாலத்தடியிலை தூண்டில் போடுற ஐயா ஒருத்தர் முதல் கிழமை கேட்டார்: "பிள்ளை, ஆரும் கலைக்கினமோ?" நாய்தான் ஐயா எண்டன். அது பொய்யும் இல்லை.

லண்டன் மரதனிலை இடம் குடுக்கிற குலுக்கலுக்கு, அந்த வருச ஓட்டத்துக்கு 840,318 பேர் விண்ணப்பிச்சவையாம். எனக்கு விழுந்தது. பள்ளிக்கூடத்து அதிர்ஷ்டச் சீட்டிலை ஒரு சவர்க்காரக்கட்டி கூட விழாத ஆள் நான். ஹரோவிலை இருக்கிற அக்கா ரெலிபோனிலை அழுதவ. பேந்துதான் தெரிஞ்சது, நான் வந்து நிக்கப்போறன் எண்டுதான் அழுகை, ஓட்டத்தைப் பற்றி அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை.

சரி, கட்டிக்கு வருவம்.

அக்கா முந்தி அனுப்பின ஜெல் ஒண்டை, பேர் வேண்டாம், இருபதாவது கிலோமீற்றரிலை பிச்சு வாயிலை விட்டன். பசையைக் குடிச்ச மாதிரி. மண்டைதீவுச் சந்தியிலை இருந்து கோட்டையடி வரைக்கும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்துதான் வந்தன். அண்டைக்கு வீட்டை வந்து, அம்மா தந்த வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடிக்கேக்கைதான் யோசனை வந்தது. ஜெல்லுக்குள்ளை என்ன கிடக்கு? பெரும்பாலும் மோல்ரோடெக்ஸ்ரின் எண்ட மாச்சத்துத் தூளும் பழச்சீனியும். பனங்கட்டியிலை கூடுதலாக் கிடக்கிறது சுக்குரோஸ், அதாவது பாதி குளுக்கோஸ், பாதி பழச்சீனி. நீளத்துக்கு ஓடுறவைக்கு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேணும் எண்டினம். ஏனெண்டால் தசையிலையும் ஈரலிலையும் சேர்த்து வைச்ச மாச்சத்து, கிளைக்கோஜன் எண்டுறது, 30 கிலோமீற்றரடியிலை வத்தத் தொடங்கும். அதுக்குப் பிறகு கால் கல்லாப் போகும். சமையலறைத் தராசிலை நிறுத்து, பாக்குவெட்டியாலை பத்துப் பத்துக் கிராமா நறுக்கினன். ஒரு துண்டுக்கு எட்டு ஒன்பது கிராம் சீனி எண்டு கணக்கு. மணித்தியாலத்துக்கு நாலு அஞ்சு துண்டு.

வாங்கேக்கை பாக்க வேண்டியது ஒண்டு இருக்கு. பனையிலை இறக்கிற கருப்பநீர், அதுதான் பதநீர், புளிச்சுக் கள்ளாகாமல் இருக்க முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசுறவை. அதைக் காய்ச்சி இறுக்கி, பனையோலைக் குட்டானுக்குள்ளை வாக்கிறதுதான் கட்டி. நல்ல கட்டியிலை இனிப்புக்குப் பின்னாலை ஒரு சின்ன உப்புக் கரிப்பு நாக்கிலை நிக்கும். சீனி கலந்தது எண்டால் கண்ணாடி மாதிரி மினுங்கும், பல்லுக்குக் கடிபடாது, இனிப்பைத் தவிர வேற ஒண்டும் இராது. நான் வாங்கிற ஆச்சி குட்டானை அவிட்டே காட்டுவா. "முகர்ந்து பார் மோனை, பிறகு காசைத் தா." புகை மணம் வந்தால் வாங்கலாம்.

ஓட்ட நாள். கிறீனிச் பக்கம் தொடங்கி முதல் அஞ்சு கிலோமீற்றர் கூடுதலா இறக்கம். யாழ்ப்பாணத்திலை இறக்கம் எண்டால் பாலத்தாலை இறங்கிறதுதான், தொடை அதுக்குப் பழகேல்லை. ஆனால் வெயில் பழக்கம். அண்டைக்கு 20 பாகைக்கு மேலை போச்சுது. பக்கத்திலை ஓடின வெள்ளைக்காரப் பிள்ளையள் தலையிலை தண்ணி ஊத்துதுகள். எனக்கு அது தை மாத விடியக்காலம்.

பத்தாவது கிலோமீற்றரடியிலை அந்தப் பழைய கப்பலைச் சுத்தி ஓட விடுவினம். கப்பலின்ர பேர் கட்டி சார்க். பேரிலையே கட்டி கிடக்கு எண்டு சிரிச்சுக்கொண்டு அஞ்சாவது துண்டை வாயிலை போட்டன். கன்னத்துக்குள்ளை ஒதுக்கினால் போதும், சப்பத் தேவையில்லை, கரைய நாலைஞ்சு நிமிசம் எடுக்கும். மேசையிலை தாற சின்னத் தண்ணிப் போத்தலிலை ரெண்டு மிடறு. வயிறு ஒண்டும் சொல்லேல்லை. இருபதாவது கிலோமீற்றரிலை டவர் பிறிட்ஜ். சனத்தின்ர கூச்சலிலை என்ர மூச்சுச் சத்தமே எனக்குக் கேக்கேல்லை. அதுவரைக்கும் பனங்கட்டிக்குப் பத்துக்குப் பத்து.

பிழைச்சது கனரி வார்ஃபிலை, முப்பதுக்குக் கிட்ட. பொக்கற்றுக்குள்ளை கையை விட்டால் துண்டு இல்லை. வேர்வையும் வெக்கையும் பட்டு, சொப்பிங் பைக்குள்ளை கிடந்த மிச்சம் முழுக்க உருகி ஒண்டாகி, சின்னப்பிள்ளையின்ர கைமுட்டி அளவிலை ஒரு உருண்டை. பையும் அதோடை ஒட்டிப்போச்சு. நகத்தாலை கிள்ளினன், வரேல்லை. வேற வழியில்லாமல் பையோடை சேர்த்துக் கடிச்சு, பிளாஸ்ரிக்கைத் துப்பினன். பக்கத்திலை வந்த காண்டாமிருக வேசக்காரர் திரும்பிப் பாத்தார். காண்டாமிருகம் போட்ட மனிசன் என்னை விநோதமாப் பாக்கிறார்! விரல் எல்லாம் பிசுபிசுப்பு, வாய் காஞ்சு போச்சு. பிறகு ஒரு மைல் வரைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லை, அது பிழை. கால் கனக்கத் தொடங்கினதும் அங்கைதான்.

த ஹைவே எண்ட றோட்டை ஓடுறவை ரெண்டு தரம் கடப்பினம், 13 ஆம் மைலிலை ஒருக்கா, 22 ஆம் மைலிலை ஒருக்கா. அக்கா அங்கை வந்து நிண்டவ. போகேக்கை நான் காணேல்லை. வரேக்கை "எடியே!" எண்டு சத்தம். கம்பிக்கு மேலாலை பிளாஸ்க் மூடியை நீட்டுறா. வெறுந்தேத்தண்ணி. மற்றக் கையிலை குட்டான், ஓலையோடை. நிண்டு கடிச்சுக் கடிச்சுக் குடிச்சன். ரெண்டு நிமிசம் போயிருக்கும். "போதுமடி, ஓடு, எல்லாரும் உன்னைத் தாண்டிப் போயினம்" எண்டு கலைச்சா. காலமை துவக்கம் சாப்பிட்ட எல்லாத் துண்டையும்விட அந்தத் தேத்தண்ணிதான் வேலை செய்தது எண்டு நான் சத்தியம் பண்ணுவன்.

4 மணித்தியாலம் 51 நிமிசம். அண்டைக்கு முடிச்ச 56,640 பேரிலை நானும் ஒருத்தி. பெண்களிலை முதல் வந்த ரிக்ஸ்ற் அசெஃபா 2 மணித்தியாலம் 15 நிமிசம் 50 செக்கனிலை முடிச்சவ. அவ குளிச்சுச் சாப்பிட்டு ஒரு நித்திரையும் கொண்டிருப்பா.

முதல் பாதிக்குப் பனங்கட்டி ஜெல்லைவிடத் திறம், ருசியிலை ஜெல் கிட்டவும் வராது. விலையும் பரவாயில்லை. பிந்தின பாதிக்குக் கொண்டுபோற விதம்தான் சரியில்லை. வேகமா ஓடுறவை, மூண்டரை மணித்தியாலத்துக்கை முடிக்கிறவை, இதை நம்பிப் போகாதேங்கோ. கன்னத்திலை ஒதுக்கிக்கொண்டு அந்த வேகத்திலை மூச்சு விடேலாது. சலரோகம் உள்ளவை டொக்ரரைக் கேளுங்கோ, பனங்கட்டியும் சீனிதான், ஆச்சி என்ன சொன்னாலும்.

திரும்பி வந்த பிறகு வறுத்த அரிசிமாவிலை துண்டுகளைப் பிரட்டி, ஒவ்வொண்டையும் தனித்தனி வாழைச்சருகிலை சுத்திப் பாத்தன். அல்லைப்பிட்டி போய் வர ஒட்டேல்லை. தூண்டில்கார ஐயாவுக்கும் ஒண்டு குடுத்தன். வாயிலை போட்டு, கொஞ்ச நேரம் யோசிச்சு, "மா கொஞ்சம் கருகிப்போச்சு பிள்ளை" எண்டார்.