எல்க் வேட்டைக்குத் தோட்டா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கொலராடோவில் ரைஃபிள் சீசன் நெருங்குகிறது. நம் ஆட்கள் சிலர் இந்த வருடம் முதல்முறையாக எல்க் டேக் (எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு) வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் பழைய கதையை இப்போது எழுதுகிறேன். 2020-இல் எனக்குப் பொய் சொல்லித் தோட்டா விற்ற கடையின் லேபிள், நடுவில் கண்ணில் படாமல் இருந்தது. இப்போது துப்பாக்கிச் சந்தை மேசைகளில் மறுபடி தலைகாட்டுகிறது.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். கோவிட் பயத்தில் மக்கள் தோட்டாக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடை அலமாரிகள் காலி. .30-06 என்பது 1906 முதல் புழக்கத்தில் இருக்கும், எல்லா ஊரிலும் கிடைக்கிற தோட்டா. அதற்கே ஊர் ஊராக அலைந்தோம். அந்த ஒரு கடையில் மட்டும் கண்ணாடி மேசைக்குள் வெள்ளைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே அச்சடித்த லேபிள்: "எல்க், 180 கிரெய்ன், பாண்டட்". கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு, பாண்டட் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன். உள்ளே எந்தக் கம்பெனிக் குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி) என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பெயர்பெற்ற ஒரு பாண்டட் குண்டின் பெயரைத் தயங்காமல் சொன்னார். நாங்களே குண்டு வாங்கித் தோட்டா அடைக்கிறோம், போன வருடம் இதில்தான் நானே எல்க் அடித்தேன் என்றும் சொன்னார். இருபது தோட்டாவுக்கு அறுபது டாலருக்கு மேல் வாங்கினார்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். தடித்த தோல், அதற்குக் கீழே கனத்த தசை, அப்புறம் தோள்பட்டை எலும்பு. இதையெல்லாம் கடந்து குண்டு நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டவுடன் முனை விரியவும் வேண்டும், விரிந்த பிறகு சிதறாமல் உள்ளே போகவும் வேண்டும். சாதாரணக் குண்டு என்பது செம்பு உறைக்குள் ஈயம், அவ்வளவுதான். பெரிய எலும்பில் வேகமாக மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடலாம். பாண்டட் குண்டில் ஈயத்தை உறையோடு ஒட்டவைத்தே தயாரிப்பார்கள். எலும்பில் பட்டாலும் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் (எல்க்கை விடப் பெரிய மான்) மீது சுட்டார். உடம்பெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருந்த விலங்கு. குண்டுகள் உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் செம்பாலேயே ஒரு குறுக்குச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்து போனாலும் பின்பாதி கலையாமல் உள்ளே போகும்படி செய்தார். அதுதான் இன்றும் எல்க் வேட்டைக்காரர்கள் நம்பி வாங்கும் பார்ட்டிஷன்.

இதற்கு நேர் எதிர், போட்டியில் இலக்குச் சுடுவதற்கான மேட்ச் குண்டு. உறை மெல்லிசாக, மிகச் சீராக இருக்கும். தாளில் துளை போட்டால் அதன் வேலை முடிந்தது. கடைக்காரர் சொன்ன பொய் உடனே வெளியே வராததற்குக் காரணமும் இதுதான். ரேஞ்சில் நூறு யார்டில் சுட்டுப் பார்த்தபோது மூன்று துளையும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. மேட்ச் குண்டு அப்படித்தான் விழும். குண்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தாள் ஒருபோதும் சொல்லாது. மேட்ச் குண்டில் எல்க் அடித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. விலா இடுக்கில் நுழைந்தால் விழுந்துவிடும். ஆனால் விலங்கு எப்போதும் நமக்கு வசதியாகப் பக்கவாட்டில் நிற்பதில்லையே.

மீக்கருக்குக் கிழக்கே ஃபிளாட் டாப்ஸ் மலையில் எங்களுக்குக் கிடைத்த ஆண் எல்க், ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் உடம்பைச் சற்று எங்கள் பக்கம் திருப்பி நின்றது. தூரம் 150 யார்டுக்குள். முன்தோளில் குறி வைத்துச் சுட்டேன். லேபிளில் போட்டிருந்த குண்டு உள்ளே இருந்திருந்தால் அது சரியான இடம். எல்க் துள்ளி, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டே காட்டுக்குள் ஓடியது. ரத்தம் சொட்டுச் சொட்டாக, அதுவும் போகப் போகக் குறைந்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே படுத்திருந்ததைக் கண்டோம். எழுந்து ஓடப் பார்த்தது. கூட வந்த அண்ணன் ஈயமே இல்லாத தன் முழுச் செம்புக் குண்டால் விலாவில் ஒரே ஒரு தடவை சுட்டார். முடிந்தது. காலையில் ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய உயிர், பகல் முழுக்க நொண்டிக்கொண்டு தவித்தது. பணத்தை விட எனக்கு ஆறாதது அதுதான்.

தோலை உரித்ததும் அண்ணன் டார்ச்சைத் தோளில் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, குண்டு இறங்கவே இல்லப்பா. இங்கயே வெடிச்சிருக்கு."

ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இறைச்சி கருஞ்சிவப்புக் கூழாக இருந்தது. தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது. அதைச் சுற்றி, வெட்டிப் போட்ட நகத்துணுக்குகள் மாதிரி செம்பு உறையின் சில்லுகள், சாம்பல் நிறத்தில் ஈயப் பொடி. மார்புக்கூட்டுக்குள் ஒரு துண்டு கூடப் போகவில்லை. அண்ணனின் குண்டோ இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியே போயிருந்தது. தோள் கறியில் பெரும்பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டோம். ஈயம் கலந்ததைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட முடியுமா?

வீட்டுக்கு வந்து, சொந்தமாகத் தோட்டா அடைக்கும் நண்பரிடம் மிச்சத்தைக் கொடுத்தேன். அவரிடம் சுத்தியல் வடிவில் ஒரு கருவி உண்டு. தோட்டாவை அதில் மாட்டித் தட்டினால் குண்டு தனியாகக் கழன்றுவிடும். கழற்றியதைத் தராசில் வைத்தார். 180 இல்லை, 178 கிரெய்ன். நீளவாக்கில் அறுத்து இடுக்கியில் நசுக்கியதும் ஈயம் உறையை விட்டு முழுசாகக் கழன்று மேசையில் விழுந்தது. தன்னிடம் இருந்த உண்மையான பாண்டட் குண்டு ஒன்றையும் அதே மாதிரி அறுத்து நசுக்கினார். ஈயம் உறையை விடவே இல்லை. பெட்டியில் இருந்தது பாண்டட்டே அல்ல, பிளாஸ்டிக் முனை வைத்த மேட்ச் குண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கடைக்குப் போனேன். முதலில், இரண்டு கிரெய்னில் என்ன வந்துவிடப் போகிறது என்றார்கள். அறுத்த குண்டை மேசையில் வைத்ததும், தோட்டா விற்றால் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். கடைசியில், சட்டப்படி இது எல்க் வேட்டைக்குச் செல்லுபடியாகும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது 85 கிரெய்ன் எடை, பட்டால் விரியும் வகைக் குண்டு, நூறு யார்டில் 1,000 அடி-பவுண்ட் ஆற்றல். இதெல்லாம் அடிமட்ட வரம்பு. ஈயம் உறையோடு ஒட்டியிருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். ஆனால் என் புகார் எடையைப் பற்றியது அல்ல. லேபிளில் ஒன்று, பெட்டிக்குள் இன்னொன்று என்பதுதான். தோட்டா தயாரித்து வியாபாரம் செய்ய மத்திய அரசின் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும், விற்பனையாளர் உரிமம் போதாது. அதைக் காட்டுங்கள் என்றதும் மேலாளர் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்துப் பணத்தை மீட்டேன். அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் படங்களோடு எழுதினேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: குண்டின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சடித்த, தொழிற்சாலையில் அடைத்த பெட்டியைத் தவிர வேறெதையும் எல்க்குக்கு வாங்காதீர்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குண்டு எந்த வகை என்று பாருங்கள். .30-06-க்கு 165 முதல் 180 கிரெய்ன் வரை பாண்டட் அல்லது பார்ட்டிஷன் எடுத்தால் கவலையில்லை. முழுச் செம்பு என்றால் 150, 165 கிரெய்னே தாராளம், எடை இழக்காமல் ஊடுருவும். ஆனால் வேகம் குறைந்தால் செம்பு சரியாக விரியாது. அதனால் ரொம்ப தூரத்தில் சுட நினைப்பவர்கள், அந்தக் குண்டு விரியக் குறைந்தபட்சம் என்ன வேகம் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது செம்புதான் போடுகிறேன், கிட்டத்தில் மட்டும் சுடுகிறேன். இன்னொன்று, ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். உரிமத்தை முதலில் வாங்குங்கள்.

அந்த வெள்ளைப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை வேட்டைக்கு எடுத்துப் போக வேண்டாம். லேபிளையும் ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். தோட்டா அடைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒன்றைக் கழற்றி அறுத்துப் பாருங்கள், நீங்களாகக் கழற்ற வேண்டாம். பணம் தருகிறோம், பெட்டியைக் கொடுங்கள் என்று கடையில் கேட்டால் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். புகார் கொடுக்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பெட்டிதான்.