இடுப்பு வலிக்கு அக்குபங்சர்: மூன்று வருடம் ஊசி குத்திக்கொண்டவன் சொல்வது

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மிஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. 2022 தீபாவளி சீசனில் ஒருநாள், கீழே விழுந்த பாபினை எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அப்புறம்தான் அக்குபங்சர்.

முதலில் போன இடத்தில் ஏமாந்தேன். நாடி பார்த்து, கையில் ஒரே ஒரு ஊசி, ஐந்து நிமிடம். அதுகூடப் பரவாயில்லை. "சர்க்கரை மாத்திரைய நிறுத்திருங்க, டெஸ்ட்டும் எடுக்காதீங்க, உடம்பு தன்னால சரியாகும்" என்றார். நானும் கேட்டேன், அதுதான் கூத்து. இரண்டரை மாதத்தில் பாத எரிச்சல், ராத்திரி நாலு தடவை எழுந்து போவது. வீட்டில் சண்டை போட்டு லேபுக்கு இழுத்துப் போனார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 7.2-ல் இருந்தது 10.1-க்கு வந்திருந்தது. இடுப்பு வலியும் அப்படியே இருந்தது.

இரண்டாவது இடம் கே.கே.நகர் பக்கம். அங்கே முதல் கேள்வியே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறீர்களா என்பதுதான். ஒவ்வொரு முறையும் புது ஊசி, கண் முன்னால் கவரைப் பிரிக்கிறார். கால் மில்லிமீட்டர் தடிமன்தான், நம் கை ஊசியை விட மெலிசு. குத்தும்போது எறும்பு கடி, அப்புறம் உள்ளே கனமாக ஒரு இழுப்பு. வலி இடுப்பில், ஊசியோ முழங்காலுக்குப் பின்மடிப்பிலும். குப்புறப் படுத்து இருபத்தைந்து நிமிடம், 350 ரூபாய். வாரம் ஒன்றாகப் பத்து வாரம், பிறகு மாதம் ஒன்று.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். முழுசாகப் போகவில்லை, சீசன் வந்தால் வலியும் வந்துவிடும். அதோடு மிஷின் மேசையை உயர்த்தினேன், ரேஸ்கோர்ஸில் காலை நடையும் ஆரம்பித்தேன், ஆகவே எது வேலை செய்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

மருந்தாளுநர் படிப்பு படிக்கும் மச்சினன் மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் செய்து 2007-ல் வெளிவந்த ஆய்வாம். அக்குபங்சர் சொல்லும் முறையான புள்ளிகளில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்துப் பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. மருந்து, பிசியோதெரபி என்று வழக்கமான வைத்தியத்தில் 27.4.

"மாமா, எங்க குத்தினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!"

"சரிடா, ரெண்டுமே இருபத்தேழுக்கு மேலதான?" என்றேன்.

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம். ஜாக்கெட் துணி மூட்டையாக வந்து விழுகிறது, இந்த வாரத்திலிருந்து மறுபடி வாரம் ஒரு ஊசி. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, அது பாட்டுக்கு.