சி-கிளிப் எலிமினேட்டர் கிட்: 12-போல்ட் அச்சுக்கு வாங்கலாமா?

டிராக் ரேஸின் (நேர்க்கோட்டுப் பந்தயம்) ஸ்டாக் வகுப்பில் ஓடும் பழைய செவர்லே கார்களின் 12-போல்ட் பின் அச்சில், ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளியே வராமல் நிற்பது டிஃபரன்ஷியலுக்குள் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர் தொகுதி) மாட்டியிருக்கும் குதிரை லாட வடிவ சி-கிளிப்பால்தான். ஸ்ப்ளைன் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் முனையின் பல்வரிகள்) பக்கத்தில் ஆக்சில் ஒடிந்தால் கிளிப் உள்துண்டோடு தங்கிவிடும். வெளித்துண்டு சக்கரத்தோடு வழுகி வந்துவிடும். இந்த கிட் அந்தப் பிடிமானத்தை அச்சுக்குழாயின் வெளிமுனைக்குக் கொண்டுவருகிறது. ஆக்சிலில் அழுத்தி ஏற்றும் சீல்டு பேரிங், அதைத் தாங்கும் வளையம், எல்லாவற்றையும் குழாய் முனையின் ஃப்ளாஞ்சோடு (விளிம்புத் தட்டு) இறுக்கும் தகடு. இவ்வளவுதான் பெட்டிக்குள்.

ஆனால் கிட் மட்டும் வாங்கினால் அரைக்கிணறு தாண்டின கதைதான். கால் மைலை 10.99 விநாடியிலோ அதைவிடக் குறைவாகவோ ஓடும் கார்களுக்கும், டிஃபரன்ஷியலைப் பூட்டிய (இரு பின் சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும்) எந்தக் காருக்கும், அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ இரண்டையும் கேட்கிறது: ஆக்சில் பிடிப்பான், கூடவே ஆஃப்டர்மார்க்கெட் (காரோடு வராமல் தனியாக வாங்கும்) ஆக்சில். காரோடு வந்த ஆக்சிலிலேயே பொருந்தும் என்று விற்கப்படும் கிட்கள் முதல் பாதியை மட்டும்தான் தீர்க்கின்றன. காரணமும் நியாயமானது: பேரிங்குக்கு வெளியே, சக்கர ஃப்ளாஞ்ச் ஓரத்தில் ஒடிந்தால் எந்தத் தகடும் சக்கரத்தைப் பிடிக்காது. ஸ்பூல் என்பது இரு ஆக்சில்களையும் ஒன்றாகப் பூட்டும் துண்டு; அதன் சிறிய வடிவமான மினி ஸ்பூலும் பூட்டியதாகவே கணக்கு. 12 விநாடி கார்தானே என்று நழுவ முடியாது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய ஸ்பைடர் கியரை வெல்டு பண்ணிப் பூட்டுவதோ முழுத் தடை. உங்கள் வகுப்புக்கான கூடுதல் விதிகளை அந்தந்த ஆண்டுப் புத்தகத்தில் பார்த்த பிறகே ஆக்சிலுக்கு ஆர்டர் கொடுங்கள்.

பொருத்துவதில் அதிகம் சொதப்புவது வரிசை. முதலில் தகடு, அடுத்து பேரிங், கடைசியில் வளையம். தகட்டை மறந்துவிட்டு பேரிங்கை ஏற்றினால், அதைக் கழற்றும்போது பேரிங் பாழ். அழுத்தம் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும், அதுவும் பிரஸ்ஸில். சுத்தியலை எடுத்தால் பந்துகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். பிரேக் பேக்கிங் பிளேட்டும் அதே போல்ட்களுக்கு நடுவில்தான் உட்காரும். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டால் பிராக்கெட்டின் தடிமன் மாறி, தகடு பேரிங்கை அழுத்தாமலே ஃப்ளாஞ்சில் முட்டி நின்றுவிடலாம். போல்ட் இறுகிய மாதிரிதான் தெரியும், பேரிங் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். இறுக்கும் முன் இடைவெளியை அளந்துவிடுங்கள். ஆக்சிலின் உள்முனை ஸ்பூலுக்குள் எதிலும் இடிக்கக் கூடாது. ஸ்ப்ளைன் போதுமான நீளத்துக்குள் ஏறியிருக்கவும் வேண்டும்.

குறை என்றால் எண்ணெய்க் கசிவு. இங்கே தடுப்பு பேரிங்கின் சொந்த சீலும் ஒரு ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்)தான். பழைய அச்சுக்குழாயின் வாய் துருவோடும் கீறலோடும் இருந்தால் ஓ-ரிங் நிற்காது, எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்கும். வாயைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, மெல்லிய சீலன்ட் தடவுங்கள். அச்சின் காற்றுத் துளை அடைத்திருந்தால், சூட்டில் ஏறும் அழுத்தமே எண்ணெயை வெளியே தள்ளிவிடும். பலர் சீலைத் திட்டுவது இதற்காகத்தான்.

நேராக மட்டும் ஓடி, டிரெய்லரில் வீடு திரும்பும் காருக்கு இந்த கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். சாலையிலும் ஓட்டும் காருக்கு வேண்டாம். வளைவில் வரும் பக்கவாட்டுச் சுமைக்கு அந்தக் குறுகிய பேரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதற்கு, குழாய் முனையை அறுத்துவிட்டு ஃபோர்ட் 9 அங்குல அச்சு மாதிரி முனைகளை வெல்டு பண்ணுவதே சரி. அதில் 3.150 அங்குல வெளிவிட்டப் பேரிங் உட்காரும். வேலை கூடுதல்தான்: கேரியர் (டிஃபரன்ஷியலின் கூடு) பேரிங் இருக்கைகள் வழியாக நேர்க்கோட்டுக் கம்பி விட்டு நிறுத்தி, குழாய் கோணாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி வெல்டு வைக்க வேண்டும், ஆக்சில் நீளத்தையும் புதிதாக அளக்க வேண்டியிருக்கும்.